லா லா லா முதலிடத்துக்கு வந்த கதை

‘லா லா லா’ பாட்டு பதினோரு வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதை உருவாக்கியது தீரி என்கிற பாடகி என்று ஒரு பேப்பரில் போட்டார்கள். இன்னொரு பேப்பரில், இசை நற்பண்பு ஆய்வுக் குழு என்று போட்டார்கள். இரண்டாவது பேப்பர் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு பிறந்தது ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற தன்லியினில், தனசேகரன் வீட்டு அடுப்படியில். அப்போது நான் கூட இருந்தேன். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையெழுத்துப் போட்டு ஆபீசில் ஒப்படைத்தவனும் நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பைசல். ரங்கூன் லான்மடாவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிடார் வாசிப்பேன். தனசேகரனுக்குத் தன்லியினில் ஒரு தையல் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. பாட்டு எழுதுவான், பாடுவான், மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஸ்டீல் கிடார் ஒன்றும் வைத்திருந்தான். டிரம்ஸுக்கு பாலா. எங்கள் பேண்டின் பெயர் ‘தடா ஹவுங்’, அதாவது பழைய பாலம். வாசித்தது கன்ட்ரி ராக். அது அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவன் பாட்டாயிற்றே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த ஊர் டீக்கடைகளில் எங்கள் வாப்பா காலத்திலிருந்தே அதுதான் ஓடுகிறது. வீட்டை விட்டுப் போனவர்களைப் பற்றிய பாட்டு இங்கே என்றைக்கும் பழசாவதில்லை.

தனசேகரனுக்கு ஒரு தம்பி, கணேஷ்குமார். இருபத்துமூன்று வயசு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியலில் அவன் பெயர் வார்டு ஆபீசில் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். எல்லை தாண்டி தாய்லாந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரே ஒரு தடவை போன் செய்தான். அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. ஒரு வருஷம் ஓடிப்போனது. கேட்டவர்களிடமெல்லாம், கியாக்தானில் மாமா வீட்டில் மீன் வியாபாரம் கற்றுக்கொள்கிறான் என்று தனசேகரன் சொல்லிவைத்தான். அவன் மனைவி சத்யபாமா மட்டும் தினமும் மத்தியானம் ஒரு ஆள் சோற்றை அதிகமாக வடித்தாள். கேட்டால், “கை தவறிடுச்சு” என்பாள். ஒரு வருஷமும் கை தவறிக்கொண்டே இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் அந்த நாலு வரியை எழுதினான். பர்மிய மொழியில்தான். கணேஷுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் பாதிதான் வரும். வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி:

கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை,
சோறு மூடி வைத்திருக்கிறது.
மழை நின்றால் திரும்பி வா,
நிற்காவிட்டாலும் திரும்பி வா.

‘திரும்பி வா’ என்பதற்குப் பர்மிய மொழியில் ‘பியான் லா’. ‘பியான்’ என்றால் திரும்பி. ‘லா’ என்றால் வா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் அந்தக் குழு அதிலே ஒன்றைத்தான் மிச்சம் வைத்தது.

பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் போட்டோம். நாற்பத்தொரு தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் முப்பது சத்யபாமா. பத்து எங்கள் சொந்தக்காரர்கள். மிச்சம் ஒன்று யார் என்று அடுத்த வாரம் அந்த ஆய்வுக் குழுவிடமிருந்து என் கடைக்குக் கடிதம் வந்தபோது தெரிந்தது.

‘தங்கள் பாடலைக் கேட்பவர்களுக்கு மனவருத்தம் ஏற்பட வாய்ப்பிருப்பதாகத் தெரிய வருகிறது. மேற்படி மனவருத்தத்துக்கு முன் அனுமதி பெறப்பட்டுள்ளதா என்பதை நேரில் வந்து தெரிவிக்கவும்.’

தனசேகரனிடம் காட்டினேன்.

“யாருக்காக எழுதினேன்னு கேட்டா என்னடா சொல்றது? என் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். நீ போயிட்டு வா மச்சான். உன் கடையிலிருந்து அஞ்சு நிமிஷம்தானே.”

“பாட்டை எடுத்துட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்துடவா?”

அவன் கடிதத்தை மடித்து என் பையில் வைத்தான். பிறகு, “அவங்க பாஸ் பண்ணினா ரேடியோவில போடுவாங்க இல்ல?” என்றான். “அங்க தாய்லாந்துல நம்ம ஊர்க்காரங்க கடையிலெல்லாம் ரங்கூன் ரேடியோதான் ஓடுதாம். எங்கேயாவது அவன் காதில விழும்.”

அதற்காகத்தான் போனேன்.

குழுவின் ஆபீஸ் இரண்டாம் மாடியில். தலைவர் ஊ சோ ஸ்வா. அறுபது வயசு, இஸ்திரி போட்ட லுங்கி, மேசை மேல் மூன்று ரப்பர் ஸ்டாம்புகள். அதற்கு முன்னால் எங்கேயோ மீன் எடை சரிபார்க்கிற அதிகாரியாக இருந்தவராம். அவரே சொன்னார்.

“எனக்கு இசை தெரியாது. தெரிந்தவர்களை இந்த வேலைக்கு வைத்தால் ஒரு பாட்டைப் பிடிக்கும், ஒரு பாட்டைப் பிடிக்காது. எனக்கு அந்தக் குறை கிடையாது.”

பக்கத்தில் செயலாளர் டாவ் கின் மியா என்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். பேசுவதே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.

“பாட்டைக் கொண்டுவந்திருக்கேன், சயா. போட்டுக் காட்டட்டுமா?” என்றேன். சயா என்றால் இங்கே ஐயா.

“அவசரப்படாதீர்கள். கேட்பது மூன்றாம் கட்டம். முதலில் கேட்டுவிட்டால் பிடித்துப்போய்விடும் அபாயம் இருக்கிறது.”

ஒரு படிவத்தைக் கொடுத்தார். துக்க அளவுப் படிவம். ஒன்றிலிருந்து பத்து வரை கட்டங்கள். பொதுவான பாட்டுக்கு மூன்று வரை அனுமதி. சாவு வீட்டுப் பாட்டென்றால் நாலு, அதற்கும் இறந்தவரின் குடும்பத்தார் எழுதித் தரவேண்டும். எங்கள் பாட்டுக்கு எத்தனை போடுவது என்று தெரியாமல் நான் இரண்டு போட்டேன். அதைப் போடும்போது சத்யபாமா வடித்த சோறு கண்ணுக்கு முன்னால் வந்தது.

அடுத்தது பேண்டின் பெயர்.

“பழைய பாலம்” என்று படித்தார் தலைவர். “தன்லியினுக்குப் புதுப் பாலம் திறந்தாயிற்றே. நீங்கள் ஏன் இன்னும் பழையதிலேயே நிற்கிறீர்கள்?”

“சின்ன வயசிலே அந்தப் பாலத்திலேதான் சயா…”

“புதுப் பாலத்தில் ஏதாவது குறை கண்டீர்களா?”

“இல்லை, சயா.”

“அப்படியென்றால் புதிய பாலம் என்று இருக்கட்டும்.”

ஸ்டாம்பு விழுந்தது. இருபது வருஷமாக இருந்த பெயர் போவதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். பாலா அன்றைக்கே டிரம்மில் பழைய பெயரை அழித்தான்.

இரண்டாம் கட்டம், சொற்கள். தலைவர் ஒவ்வொரு வரியையும் அளவுகோல் வைத்துப் படித்தார்.

“கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. இது எந்த வார்டில்?”

“பாட்டிலே, சயா.”

“பாட்டு எந்த வார்டில் நடக்கிறது? தாழ்ப்பாள் போடாமல் இருந்தால் யாரோ வந்து தங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் ஆள் தங்கினால் வார்டு ஆபீசில் எழுதவேண்டும். இந்தப் பாட்டில் வருகிறவர் எழுதினாரா?”

“அவர் இன்னும் வரலையே, சயா.”

“வந்தால் எழுதுவாரா? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.”

அவர் அளவுகோலை மூன்றாம் வரிக்கு நகர்த்தினார்.

“திரும்பி வா. இது இன்னும் சிக்கல். திரும்பி வரவேண்டுமென்றால் யாரோ போயிருக்கவேண்டும். நம் நாட்டிலிருந்து யாரும் போகவில்லை. போன வாரம்தான் அறிக்கை வந்தது.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “யார் போனது?”

டாவ் கின் மியாவின் பேனா நின்றுவிட்டது. கியாக்தான் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அந்த மாமாவின் விலாசம் கேட்பார்களே என்று பயம் வந்தது. என் வாயில் வந்தது இதுதான்:

“மாடு, சயா.”

“மாடா?”

“கன்ட்ரி பாட்டில்லையா? அதிலே மாடு இல்லாம இருக்காது. பாட்டு எழுதினவரோட மாடு. மழை நாளிலே கயித்தை அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு.”

நான் கயிறு விற்கிறவன். பொய் சொன்னாலும் கயிற்றோடுதான் வருகிறது.

தலைவர் அளவுகோலை மேலே சோற்று வரிக்கு நகர்த்தினார். “மாட்டுக்குச் சோறு மூடி வைத்திருக்கிறார்களா?”

“செல்லமா வளர்த்தது.”

“சரி. மாடு என்றே பதிவு செய்யுங்கள்” என்று டாவ் கின் மியாவிடம் சொன்னார். அவர் எழுதினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாட்டில் கணேஷ் இருந்த இடத்தில் அன்றிலிருந்து ஒரு மாடு நின்றது.

கோப்பு அங்கிருந்து கால்நடை பார்க்கிற ஆபீசுக்குப் போய் ஆறு வாரம் தங்கியது. மாட்டின் வயசு, நிறம், காதில் அடையாள வில்லை உண்டா என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. நான் இருபத்துமூன்று என்று எழுதப் போனவன் சட்டென்று நிறுத்தி, மூன்று என்று எழுதினேன். நிறம் கறுப்பு. தடுப்பூசி போட்டாயிற்று. கடைசியில் அவர்கள் பதில் எழுதினார்கள்: மழை நிற்பதற்கும் மாடு வீடு திரும்புவதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வு எதுவும் இல்லை, மேலும், கால்நடைகள் சான்றிதழ் இல்லாமல் டவுன்ஷிப் எல்லையைத் தாண்டுவது நோய்த் தடுப்பு விதிகளுக்கு மாறானது, ஆகவே மேற்படி மாட்டைத் திரும்பி வரும்படி பகிரங்கமாக அழைப்பது விதிமீறலைத் தூண்டுவதாகும்.

‘பியான்’ அடிக்கப்பட்டது. மாடும் அடிக்கப்பட்டது. ‘லா’ இருந்தது.

மூன்றாம் கட்டத்தில்தான் பாட்டைக் கேட்டார்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்து வரச் சொன்னார்கள். இரண்டு தடவை வந்து திரும்பிப் போனேன். மூன்றாம் தடவை குழுவினர் ஐந்து பேர் வரிசையாக உட்கார, ஒரு நர்ஸ் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் மறுபடி பார்ப்பாராம். வித்தியாசத்துக்கு மதிப்பெண்.

பாட்டு ஓடியது. தனசேகரன் குரல் அந்த அறையில் வேறு மாதிரி கேட்டது. நாலு பேர் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நிற்காவிட்டாலும்’ என்கிற இடத்தில் ஸ்டீல் கிடார் மெதுவாக வழுக்கி இறங்கும். அந்த இடத்தில் டாவ் கின் மியாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. துடைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஆனாலும் தெரிந்துவிட்டது.

“என்ன அது?” என்றார் தலைவர்.

“மின்விசிறித் தூசி” என்றார் அவர்.

“குறிப்பில் எழுதுங்கள். பாட்டின் இரண்டாம் நிமிடத்தில் செயலாளருக்குக் கண்ணில் தூசி.”

அவரே அதை எழுதினார். நேராக, நல்ல கையெழுத்தில்.

கூட்டம் முடிந்து நான் தாழ்வாரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கையில் கோப்பு. சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

“அந்த மாடு” என்றார் மெதுவாக. “வந்துவிட்டதா?”

“இன்னும் இல்லை, சயாமா.”

“செய்தி ஏதாவது?”

“அதுவும் இல்லை.”

அவர் தலையாட்டினார். “எங்கள் வீட்டு மாடும்தான். பத்தொன்பது வயசு.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் வந்த உத்தரவில் ஸ்டீல் கிடார் நீக்கப்பட்டிருந்தது. காரணம், ‘மேற்படி கருவி ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு அனுமதியின்றி வழுக்கிச் செல்கிறது’. கீழே அவருடைய கையெழுத்துதான். நேராக, நன்றாக இருந்தது.

நாலாம் கட்டத்தில் தலைவர் சிரித்த முகமாக இருந்தார். அந்த மாதம் மழைநீர் சேமிப்பு மாதமாம். மேலிடத்திலிருந்து பாட்டு கேட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டில் மழை இருக்கிறது. மூடி வைப்பது இருக்கிறது. சோற்றை எடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று வைத்தால் கொசு ஒழிப்புக்கும் ஆயிற்று.

“வேகம்தான் கொஞ்சம் போதாது” என்றார். “நிமிடத்துக்கு எழுபது தட்டு இருக்கிறது. இடையில் ஜனங்கள் யோசிக்கிறார்கள். நூற்றிருபத்தெட்டு வைத்துவிடுங்கள். யோசிக்க நேரம் இருக்காது.”

“அப்போ இது கன்ட்ரி பாட்டா இருக்காது சயா, பாப் பாட்டாயிடும்.”

“அதற்கு நாங்கள் அனுமதி தருகிறோம்.” பெரிய உதவி செய்வதுபோல் சொன்னார். “அப்புறம், பாடியவர் யார்? பெயரில்லாமல் குரலை மட்டும் கேட்டேன். நல்ல உச்சரிப்பு. இந்த ஊர் ஆள் என்றே நினைத்தேன்.”

“இந்த ஊர் ஆள்தான் சயா. தனசேகரன். இங்கே நாலாவது தலைமுறை.”

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “அதுதான் சிக்கல். தப்பாக உச்சரித்திருந்தால் விட்டுவிடலாம். இவ்வளவு சுத்தமாகப் பாடினால் கேட்கிறவர்கள் நம்ம ஆள் என்று ஏமாந்துபோவார்கள். ஜனங்களை ஏமாற்ற நாங்கள் எப்படி அனுமதிக்க முடியும்?”

பாடுவதற்குத் தீரி என்கிற பெண்ணை அவர்களே ஏற்பாடு செய்தார்கள். நல்ல பெண். என்னைப் பார்த்ததும், “மூலப் பாட்டைக் கேட்கலாமா அங்கிள்?” என்று கேட்டாள். கேட்க அனுமதி இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தன்லியின் போனேன். முழு உத்தரவையும் படித்துக் காட்டினேன். சத்யபாமா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“பைசல் அண்ணே, இத்தனை தடவை போனீங்களே, ஒரு தடவையாவது முடியாதுன்னு சொன்னீங்களா?”

“சொல்லல, பாமா.”

“ஏன்?”

“பயமா இருந்துச்சு.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தனசேகரன் உத்தரவுத் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

“லா இருக்கா?”

“இருக்கு. பதினாறு தடவை வருது.”

“மெட்டு?”

“முதல் ரெண்டு வரி உன் மெட்டுதான். ஓட ஓடத் துரத்தின மாதிரி இருக்கும், ஆனா உன்னுதுதான்.”

“கையெழுத்துப் போட்டுடு” என்றான். “அவனுக்கு என் பாணி தெரியும். நம்ம மெட்டை அவன் கண்டுபிடிச்சிடுவான்.”

இப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. உங்களுக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். மழை வருது, வாளியை எடு, லா லா லா. தொட்டியை மூடி வை, லா லா லா. எல்லா ரேடியோவும் மணிக்கு ஒரு தடவை போடவேண்டும் என்று உத்தரவு. முதல் வாரம் முதலிடம் கிடைத்தது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பதும் அதே இரண்டாம் மாடிதான், அதனால் அதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் மூன்றாம் வாரம் உத்தரவு முடிந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. ஜனங்களுக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் ஆடினார்கள். தன்லியின் பஸ்ஸில் கண்டக்டர் ஆள் ஏற்றும்போதே “லா லா லா” என்று பாடினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள். என் கடைக்கு எதிர்க்கடையில் நாள் முழுக்க அதுதான். தடைசெய்திருந்தால் எங்களுக்கு ஒரு கௌரவமாவது கிடைத்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தனசேகரன் பாடுவதை நிறுத்திவிட்டான். ஃபேக்டரியில் ஐந்நூறு மெஷின் சத்தத்துக்கு மேலே ஸ்பீக்கரில் அது ஓடுமாம். முதல் இரண்டு வரி வரும்போது கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவானாம். மூன்றாம் வரியில் எடுத்துக்கொள்வானாம். பாலாதான் சொன்னான். கணேஷிடமிருந்து போன் மட்டும் வரவில்லை. பாட்டு ஓட ஓட, போன் வராதது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முன்னால் அவன் காதில் விழவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது எல்லாக் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வாரம் விருது கொடுத்தார்கள். ஒரு பெரிய ஹாலில் பகல் பத்து மணிக்கு விழா. ‘புதிய பாலம்’ பேண்டும் மேடையில் நிற்கவேண்டும் என்று சொன்னார்கள். எங்களுக்கு ஒரே மாதிரி நீலச் சட்டை கொடுத்தார்கள். தனசேகரன் கையில் ஒரு கிடாரைக் கொடுத்தார்கள். அதில் ஒயரைக் காணோம். கேட்டதற்கு, “பாதுகாப்புக்காக” என்றார்கள். பாட்டு ஸ்பீக்கரில் ஓட, நாங்கள் வாசிப்பதுபோல் கையை ஆட்டினோம். எங்களுக்கு முன்னால் தீரி ஆடினாள். பின்னால் வாளிகளோடு முப்பது பிள்ளைகள்.

பிறகு தலைவர் பேசினார்.

“இந்தப் பாட்டு எங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது தெரியுமா? அதில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் யாரோ யாருக்காகவோ காத்திருந்தார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு ஞாபகம் வந்தது. இந்த ஆபத்தான நிலையில் நாங்கள் அதைக் கையிலெடுத்தோம். நாலு மாதம் உழைத்தோம். என் செயலாளருக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. வீட்டை எடுத்தோம். காத்திருப்பவர்களை எடுத்தோம். போனவரையும் எடுத்தோம். இன்றைக்கு இந்தப் பாட்டில் குறை சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா? யாராவது சொல்லுங்கள். எதுவுமே இல்லை. இவ்வளவு வெறுமையான ஒரு பாட்டை எந்த இசைக்கலைஞனாலும் தனியாக உருவாக்க முடியாது. அதற்கு ஒரு நிறுவனம் வேண்டும்!”

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. முதல் வரிசையில் டாவ் கின் மியாவும் தட்டினார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. விருது ஒரு வெள்ளி வாளி. குழுவின் பெயர் பொறித்திருந்தது, அவர்களே வைத்துக்கொண்டார்கள். தனசேகரன் ஒயர் இல்லாத கிடாரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, இரண்டு கையாலும் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். தன்லியின் பஸ்ஸில் ஏறினோம். எந்தப் பாலம் வழியாகப் போனோம் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தன்லியினில் அவர்கள் வீட்டில் மோஹிங்கா என்கிற மீன் சாற்று நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தனசேகரன் போன் அடித்தது. நம்பர் தாய்லாந்து நம்பர். அவன் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்யபாமாதான் எட்டி அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே. நான்தான்.”

சத்யபாமா தனசேகரன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அண்ணே? கணேஷ் பேசறேன். கேக்குதா?”

“கேக்குதுடா” என்றான் தனசேகரன்.

சத்யபாமா சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். “ஒன்றரை வருஷம்டா! உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஒன்றரை வருஷமா? சாப்பிட்டியா? எங்க இருக்கே?” ஒரே மூச்சில் திட்டவும் கேட்கவும் செய்து, கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மீன்பிடிக் கப்பலில் ஏறினானாம். போன் கடலில் விழுந்துவிட்டது. கப்பல் கரைக்கே வராமல் மாதக்கணக்கில் சுற்றியது. இப்போது கரையில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கரைக்கு வந்து இரண்டு வாரமாயிற்று. வீட்டுக்குப் போன் செய்தால் வீட்டில் இருப்பவர்களை வந்து பிடிப்பார்கள் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்தியதால் செய்யவில்லை. இன்றைக்கு மனசு கேட்கவில்லை. பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“பைசலண்ணே இருக்காங்களா? பேண்ட் எப்படி இருக்கு? புதுப் பாட்டு ஏதாவது போட்டீங்களா?”

நான் தனசேகரனைப் பார்த்தேன்.

“இல்லடா. ஒண்ணும் போடல” என்றான் அவன்.

“போடுங்கண்ணே. இங்க ரங்கூன் பாட்டுன்னு ஒண்ணு போட்டு உயிரை எடுக்கிறாங்க. எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான். வாளியாம், தொட்டியாம், ஒரு அர்த்தமும் கிடையாது. யாரோ ஒரு பொண்ணு கத்துது. நீங்கள்லாம் இருக்கும்போது இதையா கேக்கிறாங்க ஊரிலே?”

சத்யபாமா நிமிர்ந்து வாயைத் திறந்தாள். தனசேகரன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். பிறகு ஸ்பீக்கரை அணைக்காமலே போனை எடுத்துக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டான்.

“என்ன பாட்டுடா அது? நாங்க கேட்டதில்லையே” என்றான். “பாடிக் காட்டு.”

“போங்கண்ணே, வெக்கமா இருக்கு.”

“பாடுடா.”

அவன் பாடினான். அவனுக்கு எப்போதும் சுருதி நிற்காது. குரல் உடைந்து, வயசு கூடியிருந்தது. வாளியை எடு என்கிற இடத்தில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி பிடித்தான். லா லா லா. ஐஸ் மெஷின் இடையிடையே அவன் குரலை விழுங்கிவிட்டுத் துப்பியது. தொட்டியை மூடி வை, லா லா லா. தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வரி விடாமல் கடைசிவரை கேட்டான்.

“அவ்வளவுதான் பாட்டு” என்றான் கணேஷ். “நல்லாவா இருக்கு?”

“சரியாக் கேக்கல” என்றான் தனசேகரன். “முதல்லேருந்து இன்னொரு தடவை பாடு.”